‘நிரூபிக்கும் வரை நிரபராதி’ என்பது காசோலை நோட்டீஸுக்கும் பொருந்துமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 29 வயது. ஜவுளி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் காசாளர். மார்ச் 14 அன்று மாலை, கல்லா இருப்பில் பெரிய தொகை குறைகிறது என்று சொல்லி இரவு 11 மணி வரை அவரை அலுவலகத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ‘பணத்தை நான்தான் எடுத்தேன், மூன்று மாதத்தில் கட்டிவிடுகிறேன்’ என்று கைப்பட ஒரு கடிதமும், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். ஏப்ரல் 5 தேதியிட்ட தணிக்கை அறிக்கை, குறைவு 4,86,000 ரூபாய் என்கிறது. அதை வைத்துப் புகார்; பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 316(4)-இன் கீழ், ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி என்று வழக்கு. மே 19 அன்று கைது, 9 நாள் கிளைச் சிறை, பிறகு பிணை. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து. வேலையில் சஸ்பென்ஷன், கையில் சார்ஜ் மெமோ. இப்போது, மே 22 தேதியிட்ட 4,86,000 ரூபாய்க் காசோலை கணக்கில் பணமின்றித் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்து 8 நாள் ஆகிறது.

அவர் கேட்பவை: நிரூபிக்கும் வரை நிரபராதி என்றால் சிறையும் சஸ்பென்ஷனும் ஏன்? ‘அவர்கள்தானே நிரூபிக்க வேண்டும், நாம் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், நோட்டீஸையும் கண்டுகொள்ளாதே’ என்று தாய்மாமா சொல்வது சரியா? விடுதலை ஆனால் வேலை திரும்பக் கிடைக்குமா? பாதிப் பணம் கட்டினால் வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று மேலாளர் சொல்வதை நம்பலாமா?

சகோதரிக்கு,

நோட்டீஸுக்கு 7 நாளே மிச்சமிருந்ததால் அதைப் பற்றி மட்டும் உங்களுக்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவற்றை இங்கே விரிவாகப் பார்க்கலாம். உங்கள் தம்பிமேல் இருப்பது ஒரே ஒரு வழக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் அவர் மூன்று இடங்களில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: நம்பிக்கை மோசடி வழக்கு, காசோலை வழக்கு, நிறுவனத்தின் உள்விசாரணை. பணம் ஒன்றுதான், சம்பவமும் ஒன்றுதான். ஆனால் யார் நிரூபிக்க வேண்டும், எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பது மூன்றிலும் வேறு வேறு. மாமா சொல்வது முதல் இடத்துக்கு முக்கால்வாசி சரி. இரண்டாவதில் அது அப்படியே தலைகீழ்.

நிரபராதி என்று கருதுவது எதற்காக?

ஒருவர்மேல் அரசு குற்றம் சாட்டினால், அந்தக் குற்றத்தின் ஒவ்வொரு கூறையும் அரசுத் தரப்புதான் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நிரூபணம் அரைகுறையாக நின்றால் அதன் நட்டம் அரசுக்கு. கொள்கையின் சாரம் இவ்வளவுதான். 1935-இல் இங்கிலாந்தின் உல்மிங்டன் வழக்கில் இது அழுத்தமாகச் சொல்லப்பட்டது. நம் அரசமைப்புச் சட்டத்தில் இந்த வாசகம் நேரடியாக இல்லை என்றாலும், இதை ஒரு மனித உரிமை என்றே உச்ச நீதிமன்றம் 2008-இல் நூர் ஆகா வழக்கில் கூறியது. சாட்சியங்களிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வர முடியும் என்றால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமானதையே ஏற்க வேண்டும் என்பது 1973-இன் காளிராம் தீர்ப்பு.

ஆக, இது தீர்ப்பு எழுதும் நடுவருக்கான (மாஜிஸ்திரேட்டுக்கான) விதி. உங்கள் தம்பி நல்லவர் என்று யாரோ கொடுத்த சான்றிதழாக இதை எடுத்துக்கொண்டால்தான் ‘பிறகு ஏன் சிறை?’ என்ற குழப்பம் வருகிறது. வழக்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிய, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் இருந்தால் போதும். கைதுக்கு அதற்கான தேவை இருக்க வேண்டும். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைய (முறைப்படி பதிவு செய்ய), ஆவணங்கள், சாட்சியங்கள் அடிப்படையிலான வலுவான சந்தேகம் வேண்டும். தண்டனைக்கு மட்டுமே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம்.

கைது குறித்து ஒன்று. 316(4)-க்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. இத்தகைய வழக்குகளில் தானாகக் கைது செய்யக் கூடாது; நேரில் ஆஜராகுமாறு நோட்டீஸ் கொடுப்பதே முதல் வழி, கைது செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. இன்று அந்த நோட்டீஸ் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-இன் கீழ் வரும். உங்கள் தம்பிக்கு அது வந்ததா என்று கடிதத்தில் இல்லை. வரவில்லை என்றால், ரிமாண்ட் ஆவணங்களின் நகலை எடுத்து என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் பார்க்கட்டும். தினசரிக் கையெழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பிணை கொடுத்த நீதிமன்றத்திலேயே நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். ஒரு நாள் தவறினாலும் அதையே காட்டிப் பிணையை ரத்து செய்யக் கேட்பார்கள் என்பதால், தளர்வு உத்தரவு கையில் வரும்வரை விடாமல் போகட்டும்.

மாமா சொல்வதில் விடுபட்ட பகுதி

நம்பிக்கை மோசடி வழக்கில் அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டியது ஒப்படைப்பு. இந்தப் பணம் இந்த நாளில் இவருடைய பொறுப்பில் இருந்தது என்று காட்ட வேண்டும். அது நிரூபணமாகி, பணத்துக்குக் கணக்கும் இல்லை என்றானால், நீதிமன்றம் எதிரியின் விளக்கத்தை எதிர்பார்க்கும். விளக்கமே இல்லாவிட்டாலோ, சொன்ன விளக்கம் பொய் என்று தெரிந்தாலோ, நேர்மையற்ற எண்ணத்தை அதிலிருந்தே ஊகிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1960-இலேயே ஜெய்கிருஷ்ணதாஸ் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 109-ஆம் பிரிவும். ஆனால் அந்தப் பிரிவை வைத்து அரசுத் தரப்பு தன் சுமையை எதிரியின் தலையில் இறக்கிவிட முடியாது என்பதும் 1956 முதல் நிலைத்துவிட்ட சட்டம்.

எனவே ‘எதுவும் செய்யாமல் இருப்போம்’ என்பது இந்த வகை வழக்குக்கு ஆபத்தான யோசனை. ஒப்படைப்பு என்ற கண்ணியைத்தான் தாக்க வேண்டும். பெட்டகத்துக்கு எத்தனை சாவி, யார் யாரிடம்? பில் போடும் கணினியின் கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியுமா, விற்பனைப் பிரிவினருக்கும் தெரியுமா? அவர் விடுப்பில் இருந்த நாட்களில் கல்லாவில் உட்கார்ந்தது யார்? மாலையில் நோட்டு வகை எழுதி இருப்பைச் சரிபார்க்கும் சீட்டில் யார் கையெழுத்து? வங்கியில் பணம் கட்டிய சலான்களை எழுதியது யார்? ஆறு ஆண்டில் இதற்கு முன் குறைவு வந்தபோது எப்படிச் சரிசெய்தார்கள்? இவற்றை அவர் நினைவு மங்குமுன், தேதி வாரியாக எழுதி வழக்கறிஞரிடம் மட்டும் கொடுக்கட்டும்.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகப் பதிவு சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அது மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்கப் போதாது என்கிறது சாக்ஷிய அதிநியத்தின் 28-ஆம் பிரிவு. கணினியிலிருந்து அச்செடுத்த பக்கங்களுக்கு 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். இந்த இரண்டிலும் சறுக்கிய அரசுத் தரப்பு வழக்குகள் ஏராளம். கண்காணிப்பு கேமராப் பதிவுகளோ சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். மார்ச் 14 இரவுப் பதிவைப் பாதுகாக்கக் கோரி நிறுவனத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் உடனே எழுதுங்கள். ஆவணங்களை வரவழைக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-இன் கீழ் எதிரி கேட்கலாம் என்றாலும், குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் பொதுவாக அதை ஏற்க மாட்டார்கள். அதற்குள் பதிவு அழிந்து போயிருக்கும். எழுதிக் கேட்ட கடிதம் இருந்தால், ‘கேட்டும் காக்கவில்லை’ என்ற வாதமாவது மிஞ்சும்.

மௌனம் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசமைப்பின் 20(3). காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதன் வழியாக ஏதேனும் பொருள் கைப்பற்றப்பட்டால் அதோடு தொடர்புடைய பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. விசாரணையின்போது அவர் சாட்சிக் கூண்டு ஏறாவிட்டால் அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படி நடுவர் நேரடியாகக் கேள்வி கேட்பார். சத்தியப் பிரமாணம் கிடையாது, பொய்யாகச் சொன்னாலும் அதற்குத் தண்டனை கிடையாது. அந்த வாய்ப்பில் எல்லாக் கேள்விக்கும் ‘பொய்’, ‘தெரியாது’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வருவது நம் கீழமை நீதிமன்றங்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல விளக்கம் கையில் இருப்பவர் அப்படிச் செய்வது வீண். எழுத்துமூலமாகவும் அங்கே விளக்கம் தாக்கல் செய்யலாம்.

காவல்துறையின் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கலானதும் ஆவண நகல்களை இலவசமாகத் தர வேண்டும். நகல் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு) போட வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 262-ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. பழைய நடைமுறையில் இந்தக் கெடு இல்லாததால் தவறவிடுகிறவர்கள் உண்டு.

காசோலை வழக்கில் அனுமானம் உங்களுக்கு எதிரானது

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கும் குற்ற வழக்குதான். ஆனால் அதே சட்டத்தின் 118, 139 பிரிவுகள், கையெழுத்து உங்களுடையது என்றால் அந்தக் காசோலை ஒரு கடனை அல்லது பொறுப்பைத் தீர்க்கவே தரப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கின்றன. ‘வெற்றுக் காசோலைதானே, தொகையை அவர்கள்தான் எழுதினார்கள்’ என்று நீங்கள் ஆறுதல் கொள்கிறீர்கள். தானாக முன்வந்து கொடுத்த வெற்றுக் காசோலையைப் பெற்றவர் பூர்த்தி செய்தாலும் அனுமானம் நிற்கும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வாதம் மட்டும் காப்பாற்றாது.

காப்பாற்றக்கூடியது வேறு. 139-இன் அனுமானத்தை உடைக்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எங்கள் தரப்பே நம்பத் தகுந்தது என்ற அளவுக்குக் காட்டினால் போதும் என்பது 2010-இன் ரங்கப்பா தீர்ப்பு. அதையும் புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்தே காட்டலாம், அவருடைய ஆவணங்களையே பயன்படுத்தலாம். உங்களிடம் இரண்டு தேதிகள் இருக்கின்றன. குறைவுத் தொகை 4,86,000 என்று தெரிய வந்ததே ஏப்ரல் 5-இல். மார்ச் 14 அன்று அந்தத் தொகைக்கான பொறுப்பை ஏற்று அவர் காசோலை கொடுத்திருக்க முடியாது. இரண்டாவதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மே 22 அன்று ‘நேரில் வந்து காசோலையைக் கொடுத்தார்’ என்று நோட்டீஸ் சொல்கிறது. அன்று அவர் கிளைச் சிறையில் இருந்தார். சிறைப் பதிவேட்டின் நகலும் பிணை உத்தரவும் வாங்கி வையுங்கள். இது காசோலையையே செல்லாததாக்கிவிடாது. ஆனால் புகார்தாரரின் கதையில் ஒரு பெரிய ஓட்டை.

இதைப் பதில் நோட்டீஸில் சொல்லலாமா, குறுக்கு விசாரணைக்கு ஒளித்து வைக்கலாமா என்பதில் வழக்கறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அவர்கள் நோட்டீஸில் எழுதியது எழுதியதுதான், இனி மாற்ற முடியாது. பதில் போடாமல் இருந்ததையே எதிரிக்குப் பாதகமாக எடுத்துக்கொண்டதும் அதே ரங்கப்பா வழக்கில்தான். நோட்டீஸை வாங்க மறுப்பது அதைவிட மோசம், வாங்கியதாகவே கருதிவிடுவார்கள்.

நோட்டீஸ் கிடைத்து 15 நாள் என்பது பணம் கட்டுவதற்கான கெடு. அது முடிந்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தை மறுத்த பிறகு, இடைக்கால இழப்பீடாகத் தொகையில் 20 சதவீதம் வரை கட்டச் சொல்லி 143ஏ-இன் கீழ் உத்தரவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் விஷயத்தில் அது 97,200 ரூபாய். அப்படி உத்தரவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை, வழக்கின் முகாந்திரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதால், அந்த மனுவுக்கு விரிவான எதிருரை போடுங்கள். இரண்டாவது வெற்றுக் காசோலை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. பதில் நோட்டீஸில் அதன் எண்ணைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள். வங்கிக்கு நிறுத்த உத்தரவு கொடுப்பது தேவைதான் என்றாலும், ‘நிறுத்தச் சொன்னோம்’ என்பது மட்டும் 138-க்குத் தற்காப்பு ஆகாது.

இப்படிச் சுமை திருப்பப்பட்ட சட்டங்கள் வேறும் உண்டு. போதைப்பொருள், போக்சோ, சட்டவிரோதப் பணப் பரிமாற்றச் சட்டங்களில் வெவ்வேறு அளவில் இதைக் காணலாம். எந்தப் பிரிவில் வழக்கு என்று தெரியாமல் ‘அவர்கள் நிரூபிக்கட்டும்’ என்று சொல்வது அதனால்தான் சரிவராது.

மார்ச் 14 இரவுக் கடிதம்

மிரட்டலோ ஆசைவார்த்தையோ காட்டி அதிகாரம் உள்ள ஒருவர் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது சாக்ஷிய அதிநியத்தின் 22. மேலாளர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது அன்று நடந்ததைப் பொறுத்தது. வந்தாலும் வராவிட்டாலும், இத்தகைய ஒப்புதல் பலவீனமான சாட்சியம். வேறு ஆதாரம் துணை நிற்காமல் அதை மட்டும் வைத்துத் தண்டிக்க நீதிமன்றங்கள் தயங்கும். உங்கள் தரப்பின் பலவீனம், அந்த இரவு பற்றி இதுவரை ஒரு வரிகூட யாருக்கும் எழுதித் தராதது. மாதக்கணக்கில் தாமதமானாலும் இப்போதாவது காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அன்றிரவு தம்பி உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அழைப்பு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். பழைய கைபேசியை விற்கவும் வேண்டாம்.

வேலை

உள்விசாரணையில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் கேட்க முடியாது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தே முடிவு செய்வார்கள். சாட்சியச் சட்டமும் அங்கே கறாராகப் பொருந்தாது என்பதால், நீதிமன்றத்தில் வலுவிழக்கும் அந்தக் கடிதம் அங்கே பலமாக அடிக்கும். குற்ற வழக்கு முடியும்வரை உள்விசாரணையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். இரண்டும் ஒரே உண்மைகளின் மேல் நின்று, சட்டச் சிக்கலும் இருந்தால் நிறுத்துவது விரும்பத்தக்கது என்று 1999-இல் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று இருந்துவிடாமல், சார்ஜ் மெமோவுக்குக் குறித்த தேதிக்குள் மறுப்புக் கொடுத்துவிடுங்கள். அந்த மறுப்பில் எழுதுவது நீதிமன்றத்தில் சொல்லப் போவதோடு முரண்படக் கூடாது. மூன்று இடத்துப் பதிலையும் ஒரே வழக்கறிஞர் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

சஸ்பென்ஷன் காலத்துக்குப் பிழைப்பூதியம் கேளுங்கள். 1981-இன் தமிழ்நாட்டுச் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் ஊழியருக்கு முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 180 நாள் வரை 75, அதன் பிறகு முழுச் சம்பளம்.

விடுதலையானால் வேலை தானாகத் திரும்பாது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: குற்ற வழக்கில் விடுதலை என்பதால் மட்டும், துறை விசாரணையில் நீக்கப்பட்டவருக்குப் பணியில் சேரும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாடு காவல் பணித் தேர்வு விதியோ இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே எண்ணுகிறது. இது நிரபராதிக் கொள்கையோடு ஒட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி அப்படி இருக்கிறது. ஆகவே இறுதி வாதத்தில் ‘சந்தேகத்தின் பலனைத் தாருங்கள்’ என்பதோடு நிற்காமல், ஒப்படைப்பே நிரூபிக்கப்படவில்லை, கடிதம் கட்டாயத்தில் வாங்கியது என்று தனித்தனியாகத் தீர்மானம் எழுதுமாறு நடுவரைக் கேட்க வேண்டும். தீர்ப்பின் வாசகம் பின்னால் பேசும்.

உறவினர்கள் ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று பேசுவதை இந்தச் சட்டக் கொள்கை தடுக்காது. ‘திருடன்’ என்று படத்தோடு ஊர்க் குழுவில் பரப்பியவர்மேல் அவதூறு வழக்கு போட இடமுண்டு. மூன்று வழக்குகளுக்கு நடுவே நான்காவதையும் தொடங்க வேண்டுமா என்பதை யோசியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் இப்போதைக்குப் போதும்.

பாதிப் பணம் கட்டலாமா?

மேலாளர் நினைத்தால் வழக்கை வாபஸ் வாங்க முடியாது. 316(4) வழக்கை நடத்துவது அரசு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 359-இன்படி, நீதிமன்ற அனுமதியோடு, பணத்துக்கு உரிமையாளரான நிறுவனம் சமரசம் செய்துகொள்ளலாம்; அதன் விளைவு விடுதலைதான். உயர் நீதிமன்றத்தில் 528-இன் கீழ் ரத்து மனு போடுவது இன்னொரு வழி. பணம் எடுக்கவில்லை என்று தம்பி உறுதியாகச் சொல்கிறார் என்றால், சமரசத்துக்கு நான் அவசரப்பட மாட்டேன். அடுத்த ஐந்தாறு ஆண்டு வாய்தாவுக்கு அலைய முடியாது என்று குடும்பம் முடிவு செய்தால் அதுவும் நியாயமான முடிவே. பின்னாளில் அரசு வேலைக்குப் போகும் எண்ணம் அவருக்கு இருந்தால், சமரச விடுதலையையும் அங்கே துருவிக் கேட்பார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படியானாலும் மேலாளர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தரும் தொகை என்ற வாசகம் வேண்டும். நம்பிக்கை மோசடி வழக்கு, காசோலைப் புகார், உள்விசாரணை மூன்றும் முடிவது அதில் வர வேண்டும். முதலிரண்டைச் சமரசம் செய்து மூன்றாவதில் வேலையை விட்டு நீக்கிய நிறுவனங்கள் உண்டு. மார்ச் 14 கடிதத்தின் அசலும் இரண்டு காசோலைகளும் திரும்ப வருவதும் அதில் இருக்கட்டும். அவற்றில் நீதிமன்றத்தில் தாக்கலானவை இருந்தால், திரும்பப் பெற்றுக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று நிறுவனம் எழுதித் தரட்டும். பணம் வங்கி வரைவோலையாக, சமரச மனு நீதிமன்றத்தில் பதிவாகும் அன்றே, நடுவர் முன்னிலையில் கைமாறட்டும்.